எட்டு வெள்ளிப் புராணம்

உலகத்துப் பெரும் பணக்காரர் ஒருவரின் காசில், நம் பாட்டன்மார் காலையில் எங்கே போய்க் குந்துகிறார்கள் என்று விசாரிக்க ஆள் வந்த காலம் ஒன்று உண்டு. கட்டுக்கதை இல்லை. மண்ணெண்ணெய் விற்று மலைபோல் சம்பாதித்தவர் ஜான் டி. ராக்ஃபெல்லர். அவருடைய அறநிறுவனம் 1915இல் மலாயாவுக்கு ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. தலைவர் சாமுவேல் டார்லிங். பனாமாக் கால்வாய் வெட்டிய இடத்தில் செத்தவர்களை அறுத்துப் பார்த்து நோய் கண்டுபிடித்தவர். குழு 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி என்று சுற்றியது. பொன்னைத் தேடவில்லை, ஈயத்தையும் தேடவில்லை. கொக்கிப்புழுவைத் தேடியது.

கொக்கிப்புழுவின் வாழ்க்கை வரலாறு சுருக்கமானது. ஒருவர் வயிற்றிலிருந்து முட்டையாக வெளியே வரும். ஈர மண்ணும் நிழலும் கிடைத்தால் குஞ்சு பொரிக்கும். அடுத்தவர் வெறுங்காலோடு வந்து மிதிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். மிதித்ததும் தோலைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, நுரையீரல் சுற்றித் தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலில் குடியேறும். பிறகென்ன, ரத்தம் குடித்துப் பிள்ளை குட்டி பெறும். நிழல், ஈரம், வெறுங்கால், ஒதுங்க மறைவு நான்கும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் ரப்பர்த் தோட்டத்தைவிடத் தோதான இடத்தைக் கடவுளாலும் படைத்திருக்க முடியாது. கம்பெனி படைத்தது.

பேராக்கின் பத்தாங் பாடாங் மாவட்டம், பீடோர் பக்கமும் அப்படித்தான். சீனர்கள் ஈயம் தோண்டிய மண்ணில் ரப்பர் ஏறிக்கொண்டிருந்தது. டவுனில் தவுக்கே, தோட்டத்தில் துரை, இருவருக்கும் நடுவில் கள்ளுக்கடை. லயத்துக்கு முன்னால் பைப்படி, பின்னால் பால்மரக்காடு. கக்கூஸ் என்று ஒன்று பேருக்கு இருந்த லயத்திலும், அதற்குள் ஒருமுறை போய்வந்தவர் மறுநாள் காட்டுக்குத்தான் போவார். ராக்ஃபெல்லர் டாக்டர்கள் வந்து போன பிறகு துரைக்கும் கங்காணிக்கும் நடந்த பேச்சை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்:

“சலாம் தொர. லயத்துக்குக் கக்கூஸ் கட்டணும்னு டாக்டரு சொல்லிட்டுப் போறாரு.”

“ஏன், காடு இருக்குல்ல?”

“காட்டுலதான் புழுவாம் தொர.”

“அந்தக் காட்டுலதான்யா எனக்குப் பாலும் இருக்கு! மரம் வெட்டப் போறவன் போற வழியில போறான். நேரம் மிச்சம், உரம் மிச்சம். லண்டனுக்கு என்னன்னு கணக்கு எழுதுறது?”

“ஆளுங்க ரத்தம் செத்து மயங்கி விழுறாங்க தொர.”

“எஸ்டேட்டுன்னா நாலு பேரு விழத்தான் செய்வான்.”

“விழுந்ததுல நேத்து அம்பது மரம் வெட்டாமப் போச்சுங்க.”

“அட மடையா! அதை மொதல்ல சொல்ல மாட்டியா?”

பெரிய மனிதர்களின் இரக்கம் இந்த வழியாகத்தான் லயத்துக்கு வந்து சேர்ந்தது. டார்லிங் குழுவின் அறிக்கை 1920இல் அச்சேறியது. 1926இல் கூட்டு மலாய் மாநிலங்களில் சுகாதார வாரியச் சட்டம் ஒன்று வந்தது. தோட்டங்கள் எல்லாம் பணம் போட்டு மருந்து, கக்கூஸ், கொசு ஒழிப்பு எல்லாவற்றையும் பொதுவில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. ‘பணம் போட்டு’ என்ற இரண்டு சொல்லைப் படித்ததுமே துரைமாருக்குக் காய்ச்சல் கண்டது, அதற்குக் கொசுகூடத் தேவைப்படவில்லை. சில ஆண்டில் ரப்பர் விலை சரிந்தது, சட்டத்தின் சூடும் ஆறியது. கக்கூஸ் செலவைப் பங்குதாரர் கம்பெனி மேல் போட்டார், கம்பெனி துரை மேல், துரை கங்காணி மேல். கங்காணிக்குக் கீழே ஆள் இல்லையென்று யார் சொன்னது? கடைசி ஆள் தன் ரத்தத்திலிருந்து கட்டினார். அதையும் புழு தவணை முறையில்தான் வசூலித்தது.

டவுனில் கதை வேறு. அங்கே காடு இல்லை, வாளி இருந்தது. மலாயாவின் பழைய கடைவீடுகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் சுவரின் அடியில் ஒரு சின்னக் கதவு இருந்த தடம் தெரியும். சில இடங்களில் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். கதவுக்கு உள்ளே வாளி, வாளிக்கு மேலே பலகை, பலகைக்கு மேலே தவுக்கே. விடியுமுன் பின்சந்து வழியாக ஆள் வந்து கதவைத் திறந்து, நிறைந்த வாளியை இழுத்துக்கொண்டு வெறும் வாளியை வைத்துவிட்டுப் போவார். அவர் வரும் நேரமும் தவுக்கே உட்கார்ந்திருக்கும் நேரமும் ஒன்றாகிவிட்டால் இரு தரப்புக்கும் சங்கடம். நம் டவுன்களில் இன்றைக்குப் பூனைகளும் ஏர்கோன் பெட்டிகளும் குடியிருக்கும் பின்சந்துகள் பல, தீயணைப்புக்கும் இந்த வாளிக்குமாகத் திட்டம் போட்டுத் திறந்துவிடப்பட்டவை. சானிட்டரி போர்டு என்று ஒன்று வைத்து நிர்வாகம் நடந்தது. கூட்டுகிற, அள்ளுகிற வேலைக்கு நம் ஆட்களை நிறைய வைத்துக்கொண்டார்கள். கப்பலேறும்போது சாதியைக் கடலில் போட்டுவிட்டோம் என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்தச் சம்பளப் பட்டியலில் யார் யார் பெயர் இருந்தது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஆனால் வாளிக் காலத்துக்கு ஒரு பெருமை உண்டு. அன்றைக்கு அதை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. டவுனைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டக்காரர்களும் மீன்குளம் வைத்திருந்தவர்களும் வாளியின் சரக்கை உரமாக எடுத்துப் போனார்கள். காலையில் கொடுத்தது சில மாதத்தில் கீரையாகத் திரும்பி வரும். யாரும் முகம் சுளிக்கவில்லை, அல்லது கீரையின் ஊரைக் கேட்கவில்லை. பக்கத்துச் சிங்கப்பூரே 1987வரை வாளியை விடவில்லை. கண்ணாடிக் கோபுரமெல்லாம் எழும்பிய பிறகும் கடைசி வாளிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

வெளியுலகம் இதற்குள் எங்கேயோ போய்விட்டிருந்தது. ஜெர்மனியில் கார்ல் இம்ஹாஃப் என்ற பொறியாளர் 1906 வாக்கில் இரண்டடுக்குத் தொட்டி ஒன்றை வடிவமைத்தார். மேலே நீர் தெளியும், கீழே கசடு உட்கார்ந்து மட்கும், நடுவில் மோட்டார் எதுவும் இல்லை. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீரில் காற்றடித்தார்கள். அடியில் தங்கிய கசடை வெளியே கொட்டாமல் அடுத்த தண்ணீரிலும் சேர்த்தார்கள். கசடில் இருந்த நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்த்தன. இன்றைக்கு உலகத்தின் பெரிய ஊர்கள் பலவற்றில் ஓடுவது அந்த முறையின் வாரிசுகளே. மான்செஸ்டரை மறந்துவிட வேண்டாம், அது கதையில் மறுபடி வரும்.

சாக்கடைக்கும் ஓட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று இந்த நாடு கொஞ்ச காலம் நம்பியது. 1950களில் ஊராட்சித் தேர்தல்கள் நடந்தன. ஈப்போ நகராட்சி, யாழ்ப்பாணத்துச் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி கையில் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த அமைச்சர்களுக்கு ஈப்போவின் லோங்காங் சாக்கடையைத் தாண்டி நடப்பதே ஓர் அரசியல் நெருக்கடி. 1965 மார்ச்சில் இந்தோனேசியாவோடு தகராறு என்ற காரணம் காட்டித் தேர்தல்களை நிறுத்தினார்கள். சுகர்னோவுக்கும் லோங்காங்குக்கும் என்ன தகராறு என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. ஊராட்சிகள் எப்படி நடக்கின்றன என்று ஆராய அரச விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார்கள். தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். அவர் ஊர் ஊராகப் போய் விசாரித்து, 1968இல் தடித்த அறிக்கை கொடுத்து, தேர்தல் இருக்கட்டும் என்று சொன்னார். அறிக்கையை மரியாதையாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, 1976இல் தேர்தலையே எடுத்துவிட்டுச் சட்டம் போட்டார்கள். அன்றுமுதல் பீடோர்க்காரர் தன் லோங்காங்குக்காகத் தாப்பா மாவட்ட மன்றத்தில் உட்கார்ந்திருப்பவரைத் திட்டலாம். ஓட்டு மட்டும் போட முடியாது.

பிறகு தாமான் குடியிருப்புகள் வந்தன. தோட்டம் துண்டானது, லயம் இடிந்தது, பால்மரம் நின்ற இடத்தில் செம்மண் தெரிந்தது, செம்மண்ணில் வரிசை வீடு முளைத்தது. லயத்தில் பிறந்தவர் மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்டி, வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்தக் கக்கூஸுக்குச் சொந்தக்காரர் ஆனார். இழுத்துவிட்டால் போய்விடுகிறது. எங்கே போகிறது என்று கேட்பவர் பைத்தியக்காரர்.

தாமானின் மூலைக்குத்தான் போனது. வீடு கட்டும் மேம்பாட்டாளர் கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. விற்க முடியாத ஒன்றை எவ்வளவு செலவில் கட்டுவது? வீட்டு வாசலில் கல் யானை வைக்கிறவருக்கு இந்த மூலையில் மட்டும் சிக்கனம் வந்துவிடும். ஒரு தாமானுக்குப் பொதுத் தொட்டி, ஒரு தாமானுக்கு இம்ஹாஃப் தொட்டி, நிலம் மலிவாகக் கிடைத்த இடத்தில் ஆக்சிடேஷன் குளம் என்று, சட்டம் விடுகிற அளவில் குறைந்த செலவு எதுவோ அது. கட்டினார், சாவியை ஊராட்சியிடம் கொடுத்தார், அடுத்த தோட்டத்தை வாங்கப் போய்விட்டார். ஊராட்சிக்கு மோட்டார் ரிப்பேர் பார்க்கவும் ஆளில்லை, காசும் இல்லை, தேர்தல் பயமும் இல்லை.

அந்தக் குளத்தை ஏளனம் செய்யக் கூடாது. ஆள் உயரத்துக்கும் குறைந்த ஆழம், அகலமான பரப்பு, பச்சைப் பசேல் தண்ணீர். மேலே வெயில், வெயிலில் பாசி, பாசி விடும் பிராணவாயு, அதைக் குடித்து அழுக்கைத் தின்னும் கிருமி. மோட்டார் இல்லை, கரண்டு பில் இல்லை, ஓவர்டைம் கேட்கும் தொழிலாளி இல்லை. கரையில் உடும்பு வெயில் காயும். திலாப்பியா கொழுத்து வளரும், அதற்குத் தூண்டில் போடுகிற துணிச்சல்காரரும் உண்டு. குளத்துக்கு இரண்டே குறை. அடியில் கசடு ஏறி ஏறிக் குளம் மேடாகும். சுற்றிலும் வீடு ஏறி ஏறி நிலத்தின் விலையும் மேடாகும். முதல் குறையைப் பார்க்க ஆள் வரவே மாட்டார்கள். இரண்டாவதைப் பார்க்க அடிக்கடி வருவார்கள்.

1993இல்தான் கோலாலம்பூருக்கு ஞானம் பிறந்தது. நாட்டில் தனியார்மயம் கொடிகட்டிப் பறந்த சமயம். 144 ஊராட்சிகளின் கழிவுநீர் வேலையை மொத்தமாக ஒரே கம்பெனியிடம், 28 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. கழிவுநீர்ச் சேவைச் சட்டம் 1993 நிறைவேறியது. இண்டா வாட்டர் கொன்சோர்டியம் பிறந்தது. திறந்த டெண்டர் இல்லை. வின்சென்ட் டானின் பெர்ஜாயா குழுமம் முன்னால் நின்றது. பங்காளிகளில் இங்கிலாந்தின் நார்த் வெஸ்ட் வாட்டரும் ஒன்று. கசடில் காற்றடித்த அந்த மான்செஸ்டரின் கழிவுநீரை அப்போது பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். வின்சென்ட் டானைப் பற்றி இன்னொரு தகவல்: மலேசியாவுக்கு மெக்டொனால்ட்ஸைக் கொண்டுவந்தவரும் அவரே, ஸ்போர்ட்ஸ் டோட்டோ லாட்டரியை 1985இல் அரசாங்கத்திடமிருந்து எடுத்துக்கொண்டதும் அவரே. உள்ளே போவதற்கு ஒரு கம்பெனி, வெளியே வருவதற்கு ஒரு கம்பெனி, இரண்டுக்கும் நடுவில் நம்பர் எழுத ஒரு கம்பெனி. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதைவிட முழுமையான வியாபாரத் திட்டம் உலகத்தில் இல்லை.

1994இல் பில் வந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது. அதுவும் தனியார்தான், ஆனால் அங்கே வசூலில் தகராறு இல்லை. டோல் கட்டாவிட்டால் கம்பம் தூக்காது. மின்சாரம் கட்டாவிட்டால் ஃபியூஸ் பிடுங்குவார்கள். தண்ணீர் கட்டாவிட்டால் மீட்டரைக் கழற்றுவார்கள். இண்டா வாட்டர் பில் கட்டாவிட்டால்? என்ன செய்ய முடியும்? வீட்டுக்குப் போகிற குழாயை அடைக்கலாம், வீட்டிலிருந்து வருகிற குழாயை அடைத்தால் தண்டனை தெருவுக்கல்லவா கிடைக்கும்? வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். வீட்டுக்காரர் நோட்டீஸைப் படித்தார், மடித்தார், கக்கூஸுக்குப் போனார், இழுத்துவிட்டார். வழக்கம்போல் போய்விட்டது. கடனாளியின் கழிவையும் கட்டணம் கட்டியவரின் கழிவையும் ஒரே மரியாதையோடு ஏற்றுக்கொள்ளும் நிறுவனம், ஒன்று மதமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திவாலாக வேண்டும்.

கோப்பிக் கடையில் அன்றைக்கு நடந்த வாதங்களைத் தொகுத்தால் ஒரு சட்டக் கல்லூரி நடத்தலாம். “தொட்டி என் காசில் தோண்டினது, அதுக்கு நான் ஏன் வாடகை கட்டணும்?” இது செப்டிக் டேங்க் கட்சி. “மதிப்பீட்டு வரி கட்டுறோம்ல, அதுக்குள்ள இது இல்லையா?” இது வரிக் கட்சி. “நாங்க வீட்டுல ரெண்டே பேரு, பக்கத்து வீட்டுல எட்டுப் பேரு, ரெண்டு வீட்டுக்கும் ஒரே பில்லா?” இதுதான் எனக்குப் பிடித்த கட்சி, இதற்குப் பதில் சொல்வதானால் வீடு வீடாக எண்ணிப் பார்க்க ஆள் வைக்க வேண்டும்.

குழாயில் இணைந்த வீட்டுக்கு மாதம் எட்டு வெள்ளி, தனித் தொட்டி வைத்த வீட்டுக்கு ஆறு வெள்ளி என்று வைத்தார்கள். கம்பம், புதுக்கிராமம், தோட்டம் என்றால் மூன்று வெள்ளி, மலிவு வீட்டுக்கு இரண்டு. கடைகளுக்கும் ஆலைகளுக்கும் போட்ட கட்டணம்தான் பெரிய கூச்சலைக் கிளப்பியது. தவுக்கேமார் சங்கம் கத்தியது, எதிர்க்கட்சி கத்தியது, ஆளுங்கட்சிக்காரர்கள் வாயைத் திறக்காமல் கத்தினார்கள். வணிகக் கட்டணத்தைத் திரும்பத் திரும்ப வெட்டினார்கள்.

கம்பெனி பாவம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் லாரி ஓட்டுநர் பாவம். தொட்டியைக் காலி செய்ய டேங்கர் லாரி வரும். ஓட்டுநர் படிவத்தைப் பார்ப்பார், வீட்டைப் பார்ப்பார், மூடியைத் தேடுவார். மூடி இருக்காது. வீட்டுக்காரர் கார் நிறுத்த முன்பக்கத்தை நீட்டி அதன்மேல் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டியிருப்பார், அல்லது பின்பக்கம் அடுப்படியை இழுத்து மூடிக்கு மேலேயே கேஸ் அடுப்பு வைத்திருப்பார். “உடைக்கணுமா? இத்தாலி டைல்ஸ்ங்க!” ஓட்டுநர் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். 2008இல் புதிய நீர்ச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. இனி அட்டவணை போட்டு வரமாட்டோம், நீங்கள் கூப்பிட்டால் வருவோம், வந்ததற்குக் காசு கொடுங்கள் என்றார்கள். நாட்டில் திடீரென்று செப்டிக் டேங்குகள் நிறைவதே நின்றுவிட்டது. கூப்பிட ஆளில்லை.

ஆசிய நிதி நெருக்கடி வந்து எல்லாரையும் கழுவிவிட்டுப் போன பிறகு, 2000இல் நிதியமைச்சு இண்டா வாட்டரை முழுதாகத் திரும்ப வாங்கிக்கொண்டது. 28 ஆண்டுக் குத்தகையில் ஓடியது ஆறேழு ஆண்டு. லாபம் வந்திருந்தால் தனியாருடையது, வராததால் ராஜ்யத்துடையது. ஊராட்சியிடம் இருந்ததை அரசாங்கம் எடுத்துக் கம்பெனியிடம் கொடுத்து, கம்பெனியிடமிருந்து அரசாங்கமே காசு கொடுத்து வாங்கிய இந்தச் சுற்றில் தாமான் மூலையில் இருந்த குளம் ஓர் அங்குலமும் நகரவில்லை. கசடு மட்டும் ஏறியிருந்தது.

இனிக் குளத்தைப் புதுப்பிக்கும் படலம். முதலில் அது எத்தனை பேருக்கு என்று கணக்குப் போட வேண்டும். கழிவுநீர்ப் பொறியாளர்களுக்கு மனிதர் மேல் நம்பிக்கை கிடையாது, அவர்களுக்கு ‘பி.இ.’ என்று ஒரு தலைக்கணக்கு உண்டு. ஒரு தலைக்கு நாளுக்கு 225 லிட்டர். வீடு என்றால் ஐந்து தலை, அதில் தாத்தா ஒருவர் மட்டும் இருந்தாலும் சரி. ஓட்டல் அறைக்கு நான்கு தலை. எந்த ஓட்டல் என்று கேட்க வேண்டாம். பள்ளி மாணவர் ஐந்தில் ஒரு தலை. கோயிலில் கும்பிடுகிற பக்தரும் ஐந்தில் ஒரு தலைதான். தைப்பூசத்தன்று வரிசையில் நிற்பவர்கள் இதைக் கடுமையாக மறுப்பார்கள். கோல்ஃப் மைதானத்துக்கு ஒரு குழிக்கு இருபது தலை! நான்கு குடும்பம் சேர்ந்து உண்டாக்குகிறதை ஒரு கோல்ஃப் குழி தனியாக உண்டாக்குகிறது என்றால், துரைமார் அங்கே பந்து மட்டுமா அடித்தார்கள்?

அடுத்தது தரம். 2009இல் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் கழிவுநீருக்கென்று தனி விதிகள் வந்தன. தண்ணீரில் எவ்வளவு அழுக்கு மிச்சம் என்பதை பி.ஓ.டி. என்ற எண் சொல்லும். குழாயில் வருகிற பச்சைக் கழிவுநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்து நிலையத்தை வடிவமைப்பார்கள். புதிதாகக் கட்டும் நிலையம், கீழே எங்காவது குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கிற இடம் இருந்தால், அதை 20க்குக் கொண்டுவர வேண்டும். அப்படி இல்லையென்றால் 50. கடுமையான சட்டம், பாராட்ட வேண்டும். அப்படியே விரலை இறக்கி அடுத்த பட்டியலுக்கு வாருங்கள்: 1999 ஜனவரிக்கு முன் அனுமதி வாங்கிய கிழ நிலையங்கள். ஆக்சிடேஷன் குளம் 120 வரை விடலாம். இம்ஹாஃப் தொட்டி 175. பொதுச் செப்டிக் தொட்டி 200! உள்ளே போகும்போது 250, வெளியே வரும்போது 200. இதற்குப் பெயர் சுத்திகரிப்பு என்றால், நான் குளித்துவிட்டு வருவதற்கு நோபெல் பரிசு தரலாம். மூத்த குடிமக்களுக்கு எல்ஆர்டியில் பாதி டிக்கெட் கொடுக்கிற நாட்டில், மூத்த தொட்டிகளுக்கும் சலுகை காட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கிழங்களை 20க்குக் கொண்டுவருவதுதான் புதுப்பிப்பு. குளத்தைத் தூர்வாரி, ஒரு பகுதியில் கான்கிரீட் தொட்டி இறக்கி, இரவும் பகலும் காற்றடிக்கும் எந்திரம் வைக்க வேண்டும். அக்கம்பக்கத்துக் குட்டித் தொட்டிகளை மூடி, அவற்றின் கழிவை எல்லாம் பம்ப் வைத்து இந்த ஒரே நிலையத்துக்குத் தள்ள வேண்டும். தள்ளுவதற்குக் குழாய், குழாய்க்கு ரோடு தோண்டல், தோண்டலுக்கு மொத்த டவுனின் சாபம். நாடு முழுக்க இண்டா வாட்டர் கையில் ஏழாயிரத்துக்கும் அதிகமான நிலையங்கள் இருப்பதற்குக் காரணமே ஆளுக்கொரு மூலையில் கட்டிவிட்டுப் போன அந்த மேம்பாட்டாளர்கள்தான். கட்டும் செலவு ஒருமுறை. அதற்கு மந்திரி வந்து கல் நடுவார். கட்டிய பிறகு வருகிறதே தெனாகா கரண்டு பில், அது மாதாமாதம், அதற்கு யாரும் நாடா வெட்ட வரமாட்டார்கள். வெயிலில் இலவசமாக ஓடிய குளத்துக்கு இப்போது கரண்டு வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும், கசடை உலர்த்தி ஏற்றிப் போக லாரி வேண்டும். வருமானமோ அதே எட்டு வெள்ளி. 1990களில் வைத்த அந்த எட்டு, கால் நூற்றாண்டு தாண்டியும் எட்டாகவே இருந்தது. இடையில் ரொட்டி சானாய் பறந்தது, பெட்ரோல் பறந்தது, தங்கம் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. பற்றாக்குறையை அரசாங்கம் மானியமாக ஊற்றிக்கொண்டே இருக்கிறது. மானியம் என்றால் நம் வரி. இடது பையில் எட்டு வெள்ளி மிச்சம் பிடித்த வெற்றியைக் கொண்டாடும்போது வலது பையை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

பெரிய ஊர் என்றால் விஷயமே வேறு. 1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் நதி நாறியது, நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் வந்தது. சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடுக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. அதுவரை பல ஆண்டுகள் யார் கொடுப்பது என்று வாதாடியவர்கள், பதினெட்டே நாளில் சட்டம் போட்டு, சாக்கடை கட்டப் பொறியாளர் பாசல்ஜெட்டிடம் பணத்தைக் கொடுத்தார்கள். கோலாலம்பூரிலும் பந்தாயில் பூமிக்கடியில் 983 மில்லியன் வெள்ளிக்கு நிலையம் கட்டி, மேலே பூங்காவும் விளையாட்டுத் திடலும் வைத்து, 14 லட்சம் தலைக்குமேல் கணக்குத் தீர்த்தார்கள். பீடோர் ஆறு மேற்கே பார்த்து ஓடுகிறது. புத்ராஜெயா வழியாக ஓடவில்லை. அதுதான் அதன் பொறியியல் குறைபாடு.

பீடோருக்குப் பக்கத்துத் தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய தண்ணீர்க் கோபுரம் ஒன்று சாய்ந்துபோய் நிற்கிறது. சாய்ந்ததாலேயே சுற்றுலாத் தலமாகிவிட்டது. உள்ளே வருகிற தண்ணீருக்குக் கட்டியது கோணலாக நின்றாலும் படமெடுக்கக் கூட்டம் வரும். வெளியே போகிற தண்ணீருக்குக் கட்டியது நெட்டுக்குத்தாக நின்றாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். சென்னைக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஊரே குடத்தோடு அலைந்த 2019இல், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கொள்ளளவில் இரண்டு நிலையங்களைத் திறந்தார்கள். கழிவுநீரை மூன்றாம் கட்டம்வரை சுத்தம் செய்து, சவ்வூடு பரவலும் செய்து, மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளுக்கு விற்கிறார்கள். வாளிக் காலத்துக் காய்கறித் தோட்டக்காரர்களுக்குப் பிறகு, இந்தச் சரக்குக்கு ஒரு நல்ல விலை கிடைத்திருப்பது அங்கேதான். பேராக்கில் மழைக்குக் குறைவில்லை. பக்கத்தில் கார் ஆலை எதுவும் வாளி தூக்கிக்கொண்டு நிற்கவும் இல்லை.

எனவே பீடோரின் கழிவுநீர் பில் கடைசியில் யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால், நெடுஞ்சாலையிலிருந்து விலகி வந்து கொய்யாவும் பெத்தாயும் கோழி பிஸ்கட்டும் வாங்குகிற வெளியூர்க்காரர் தலையில். கடைகளுக்கு வீட்டைவிடக் கூடுதல் கட்டணம். கடைக்காரர் அதை வாத்து மீயில் ஏற்றிவிடுவார். வெளியூர்க்காரர் மீ சாப்பிடுவார், மூலிகைச் சூப்பைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சுவார், பின்பக்கம் போய்விட்டு வந்து, கல்லாவில் நின்று எட்டு வெள்ளிக்கு மேல் கொடுப்பார். ஒரு வேளைக்கு. அவர் ஊர் வீட்டின் இண்டா வாட்டர் பில் காரின் டாஷ்போர்டில் மூன்று மாதமாகக் கிடக்கும். அதை நினைத்துத்தான், “அநியாயமா வாங்குறானுங்கப்பா” என்று அவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டே காரை எடுப்பார்.